தொப்பூர், இரவு இரண்டு மணி

டீக்கடை டிவியில்
இன்னும் அந்த விமானத்தைத் தேடுகிறார்கள்.
கடல் விழுங்கியிருக்கும் என்கிறான் கிளீனர்.
ஒயர் கருகியிருக்கும்: இது பஞ்சர் கடை மாதப்பன்.
உள்ளே இருந்தவனே அணைத்திருப்பான் என்றேன்.
உனக்கெப்படித் தெரியும் என்று
யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

போன ஆடியில்
ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு
ஜிபிஎஸ் ஒயரைப் பிடுங்கினேன்.
நாமக்கல்லில் முதலாளியின் செல்போனில்
என் லாரி
கணவாய் வளைவில் ஒரு புள்ளியாய் நின்றுவிட்டது.

நானோ
பென்னாகரம் ரோட்டில்
ஒரு வீட்டுக்கு எதிரே, எஞ்சினை அணைத்துவிட்டு.
விளக்கு எரிந்தது. யாரோ இருமினார்கள்.
இறங்கவில்லை.

"எங்கேய்யா போய்ட்ட?"
"மலைங்க. சிக்னல் இல்லைங்க."
நம்பினார்.

டிவியில் பயணிகளின் பெயர்கள் ஓடுகின்றன,
முடியவே மாட்டேன் என்கின்றன.
என் முதுகுக்குப் பின்னால் அன்று
இருபது டன் சிமெண்ட்.
எங்கே போகிறோம் என்று
அது கேட்கவில்லை.