ஐந்தாம் எண்ணின் கழுத்து

தொண்ணூறு நிமிடத்தில்
பந்து என் காலில் இருந்தது
ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும்.
எண்ணியவன் சேந்தன்.
மிச்ச நேரம் என்ன செய்தாய் என்று கேட்டான்
காரின் ஹீட்டரைக் கூட்டியபடி.

மிச்ச நேரம்
ஓடினேன்.

மில்லிக்கன் மைதானம், செவ்வாய் இரவு,
செப்டம்பர் முடிகிறது.
கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் ஐந்து வாத்துகள்
டிக்கெட் எடுத்தவை போல் நின்றன.
ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பஸ் போனது,
ஜன்னலெல்லாம் வெளிச்சம், ஆளில்லை.

எதிரணியின் ஐந்தாம் எண் நெடியவள்.
நான் அவள் பொறுப்பு.
அவளுக்கு இருப்பதும் இரண்டு கண்தான்,
அதில் ஒன்று எப்போதும் பந்துக்கு என்று
முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.
மற்றது எங்கே முடிகிறதோ
அங்கே போய் நின்றேன்:
இடது தோளுக்குச் சற்றுப் பின்னால்,
என் மூச்சுக் கேட்கும், முகம் தெரியாது.
அவள் திரும்பினால்
நான் ஷூ லேஸைப் பார்க்கிறேன்.
அவள் பந்தைப் பார்த்தால்
நான் அங்கே இல்லை.

பகலில் பல் வைத்தியரின் கதிரைக்குப் பக்கத்தில் நிற்பவள் நான்.
கை நீளும் முன்பே
கருவி அங்கே இருக்க வேண்டும்.
அதிகம் முந்தினாலும் இடைஞ்சல்.

பந்து தூரத்தில் இருக்கும்போதே
நாலு பக்கமும் பார்த்துவிட வேண்டும்.
கிட்ட வந்தபின் பார்ப்பவள்
ஏற்கெனவே பிந்திவிட்டாள்.
வேண்டுமென்றால், முதலில்
இரண்டு எட்டு விலகிப் போக வேண்டும்,
பிணங்கியவள் போல.
அவளும் கூட வருவாள்.
பிறகு சட்டென்று திரும்பல்.
அந்த இரண்டு எட்டு வெளியில்
ஒரு பந்து குடியிருக்கலாம்,
ஒன்றரை விநாடிக்கு.

எத்தனை தரம் யாரும் குடிவரவில்லை.
கெய்ட்லின் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
ரொஷேல் பார்த்தாள், மற்றப் பக்கம் கொடுத்தாள்.
ஒரு தரம் ஃபர்னாஸ் கொடுத்தாள்,
கொடி உயர்ந்தது,
என் முழங்கால் மட்டும்
எனக்கு முன்னால் போய்விட்டதாம்.
திரும்பி நடந்தேன்.
அதுவும் ஓட்டத்தில் சேரும்.

கை தூக்கிக் கத்துவது எனக்கு வராது.
கத்தினால் பந்து வரும்,
கூடவே ஐந்தாம் எண்ணும் வரும்.

எழுபத்தொன்றாம் நிமிடம்.
ரொஷேலின் காலில் பந்து, தலை நிமிர்ந்திருந்தது.
கிட்டக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தேன்
பஸ் தவறப் போகிறவள் மாதிரி,
பந்து எனக்குத்தான் என்று
நானே முழுதாய் நம்பி.
நம்பாமல் ஓடினால் முதுகு காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் எண் நம்பினாள்.
என்னோடு வந்தாள். முழங்கைகள் உரசின.
எங்களுக்குப் பின்னால்
ஒரு வரவேற்பறை அளவு புல் காலியானது.
அதற்குள் ஃபர்னாஸ் வந்தாள்,
அவசரமே இல்லாமல்,
தன் வீட்டுச் சாவியோடு வருபவள் போல.

கோல்.

எல்லோரும் அவள் மேல் விழுந்தார்கள்.
நான் கம்பத்தைப் பிடித்து மூச்சு வாங்கினேன்.
ஐந்தாம் எண் என்னைப் பார்த்துப்
பல்லைக் கடித்தாள்.
அந்தச் சத்தம் எனக்குத் தொழில்முறையில் தெரியும்.
அன்றைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

வீட்டில் வீடியோவை நாலு தரம் ஓட்டினேன்.
சேந்தனின் ஃபோன்
பந்துக்குப் பின்னால் நாய்க்குட்டி மாதிரிப் போகிறது.
ரொஷேல் இருக்கிறாள். ஃபர்னாஸ் இருக்கிறாள்.
ஒரு வாத்துகூட இருக்கிறது.
கீழ் ஓரத்தில் நிழல் ஒன்று
அரை விநாடி ஓடி மறைகிறது,
நடுவருடையதாகவும் இருக்கலாம்.

நிறுத்தி, விரலால் பெரிதாக்கினேன்.
ஐந்தாம் எண்ணின் கழுத்து
பந்தை விட்டு,
படத்துக்கு வெளியே எதையோ நோக்கித்
திரும்புகிறது.

“இதில் நீ எங்கே?” என்றான்.
கழுத்தைக் காட்டினேன்.

காலுறையை உதற,
செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகள்
சமையலறைத் தரையெங்கும்.
நாளைக்குக் கூட்ட வேண்டும்.