அரை நிமிஷம்

ஸ்கைத்ரீட்டே கரண்டியால்
எனாமல் குவளையைத் தட்டினால்
அரை நிமிஷம் முடிந்தது.
மறுபடி தட்டினால் அடுத்தது.
இடையில் தாளைப் புரட்டத்தான் நேரம்,
வருத்தப்பட இல்லை.

மூடிப்போன சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ரீகாவில் பிப்ரவரி. வெளியே
தௌகவா ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் யார் யாரோ பெட்டி போட்டு உட்கார்ந்து
துளைக்குள் தூண்டில் விட்டிருக்கிறார்கள்.
உள்ளே ஒரே ஒரு ஹீட்டர்.
அது மேடையில் நிற்கும் விஸ்மாவுக்கு.
நாங்கள் ஒன்பது பேரும் கோட்டோடு.

முதல் பத்துப் படங்கள் குப்பை.
அதற்காகத்தான் இந்த மலிவுத் தாள்,
மீன் பொட்டலம் கட்டுகிற தாள்,
விஸ்மாவே சந்தைக் கடையிலிருந்து கொண்டுவருவது.
கரி உரசும்போது
லேசாகப் புகைமீன் வாசம்.

குன்வால்திஸ் கண்ணில் தொடங்குவான்.
இமை, இமைமயிர், புருவம்.
கரண்டி தட்டும்போது
உடம்பில்லாத ஒற்றைக் கண்
அவனையே முறைத்துக்கொண்டிருக்கும்.
இன்னும் பத்து நொடி கொடுங்கள் என்பான்.
கொடுத்தால்
மூக்கு வரைவான்.

எனக்கு வேறு கோளாறு.
பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன்.
அசையாதீர்கள். மூச்சைப் பிடியுங்கள்.
ம், விடலாம்.
ஒரு நாளைக்கு அறுபது தடவை.
தோலுக்கு உள்ளே போய்ப் பழகிய கண்ணுக்கு
தோல்மேல் நிற்கத் தெரியவில்லை.
முதல் மாதம் நான் வரைந்தவர்கள் எல்லாம்
கைகளைப் பக்கத்தில் ஒட்டி
விறைத்து நின்றார்கள்,
தங்கள் எண்ணைக் கூப்பிடக் காத்திருப்பவர்களாக.

தட்டல்.
விஸ்மா பெட்டி தூக்குகிறாள். பெட்டி இல்லை.
தட்டல்.
எட்டாத கொக்கியில் எதையோ மாட்டுகிறாள்.
தட்டல்.
வழுக்குகிறாள்,
வழுக்கி முடிக்காமல் நிற்கிறாள்.
தட்டல்.
கை முந்துகிறது, கண் பின்னால் ஓடிவருகிறது.
தோளிலிருந்து குதிகால்வரை ஒரே இழுப்பு.

அந்த இழுப்பில்தான்
என் கோடு இடது இடுப்பருகே தயங்கி
சுற்றிக்கொண்டு போயிற்று,
பாதையின் பள்ளம் தெரிந்த வண்டிக்காரன் மாதிரி.
பாரம் முழுதும் வலக்காலில்.
இடக்கால் தரையைத் தொட்டிருந்தது,
நம்பவில்லை.

இந்த இடுப்பை எனக்குத் தெரியும்.
மூன்று திருகாணி, ஒன்று சற்றே சாய்ந்தது.
போன வருஷத்துக்கு முந்தின அக்டோபர்.
பனியில் இல்லை, படிக்கட்டில் என்று
யாரும் கேட்காமலே சொன்ன குரல்.
முகம் நினைவில்லை.
முகத்தைப் பார்க்க எனக்குச் சம்பளமில்லை.

கரண்டி தட்டியது. நான் புரட்டவில்லை.
அடுத்த படத்துக்கும் தட்டியது.
பிறர் கடிதத்தைப் பிரித்துவிட்டவன் போல
தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் கம்பளிப் போர்வையோடு
தாள்களுக்கு நடுவே நடந்தாள்.
குன்வால்திஸின் கண்ணுக்குக் கண்ணடித்தாள்.
என் தாள் முன்னால் வந்து
தேநீர் ஆறும்வரை நின்றாள்.
"இதை மறைக்கத்தானே இத்தனை தாவல், குதிப்பு.
நீ எப்படிப் பார்த்தாய்?"

"பார்க்கவில்லை," என்றேன். "கை போயிற்று."

பாதி உண்மை.
மீதிப் பாதி ஆஸ்பத்திரிக் கணினியில்
ஓர் எண்ணுக்குக் கீழே இருக்கிறது.

அடுத்த சுற்று ஒரு நிமிஷம்.
மேடையேறியவள் எதையும் தூக்கவில்லை,
எங்கும் மாட்டவில்லை.
இடக்காலைக் கொஞ்சம் ஒடுக்கி,
ஒரு கையால் இடுப்பைத் தாங்கி,
வராத டிராமுக்கு நிற்பவளாக நின்றாள்.

ஒரு நிமிஷம்தான் எத்தனை நீளம்.
பாதியிலேயே வரைந்து முடித்துவிட்டு,
கரியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவளோடு சேர்ந்து நானும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விடலாம் என்று சொல்ல வேண்டிய ஸ்கைத்ரீட்டே
யாரோ சர்க்கரைக்கு எடுத்துப்போன கரண்டியைத்
தேடிக்கொண்டிருந்தாள்.