வடக்குச் சரிவு, தாள் எண் பதினேழு

உலான்பாட்டரில் நவம்பர்.
மூச்சு மீசையிலேயே உறையும் காலை.
சுருட்டிய தாளை அக்குளில் இடுக்கி
மலையேறினேன் நான்,
நகரத் திட்ட அலுவலகத்தின் கடைசி மேசைக்காரன்.

தாளில் சரிவு வெள்ளையாக இருந்தது.
வெள்ளையின் நடுவே
பன்னிரண்டு மீட்டர் அகலத்தில் சிவப்பாய் ஒரு சாலை.
நான் போட்டதுதான்.
வெந்நீர்க் குழாய் ஓடும் கதகதப்பான அறையில்
தேநீர் ஆறுவதற்குள் போட்டது.

நேரில் வெள்ளை எங்குமில்லை.
கரிப்புகை.
கழற்றி வந்த பழங்கதவுகளை அடுக்கியடித்த வேலிகள்;
ஒரு வேலியில் ஏழு கதவு,
திறப்பது ஒன்று,
எதுவென்று நாய்க்குத் தெரியும்.
உள்ளே கம்பளிக் கூடாரம்,
அதன் தோளில் சாய்ந்து பாதி எழும்பிய செங்கல் வீடு.
பனியில் ஆடுகள் விறைத்த ஆண்டு வந்தவர்கள்,
மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து வந்தவர்கள்,
சும்மா வந்தவர்கள்.
மலை யாரிடமும் படிவம் கேட்கவில்லை.

என் சிவப்புக்கோடு நேரே போய் முட்டிய இடம்
ஒரு தண்ணீர்க் கொட்டகை.
நீலத் தகரம், முகமளவு சன்னல்,
சன்னலுக்குள் குழாயைத் திருகும் ஒரு பெண்.
வெளியே தள்ளுவண்டி வரிசை.
கேன்மேல் உட்கார்ந்து ஒரு பையன்
ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தடுக்கிக்கொண்டிருந்தான்.

பெயர்? என்றேன்.
நெர்குய், என்றாள்.
எழுதப்போன கை நின்றது.
எங்கள் மொழியில் அதற்குப் ‘பெயரில்லை’ என்று பொருள்.
முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை,
தேடிவரும் சாவு
ஆளில்லையென்று திரும்பட்டும் என வைத்த பெயர்.
அலுவலகக் கணினியில் அடித்தால்
கட்டம் சிவந்து கத்தும்: பெயரை நிரப்புக.
சொன்னேன். சிரித்தாள்.
சாவே ஏமாந்துபோச்சு,
உன் பெட்டி ஏமாறாதா?

வீடுகள் முந்நூற்று நாற்பது, என்றேன் தாளைப் பார்த்து.
நானூற்றுப் பதினொன்று, என்றாள் பார்க்காமலே.
பலகைக்கடியிலிருந்து ஒரு நோட்டு வந்தது.
லிட்டர் கணக்கு.
ஒயூன்பிலெக் வீட்டில் நாற்பது எண்பதாகியிருக்கிறது,
அப்படியென்றால் பிள்ளை பிறந்துவிட்டது.
லுவ்சான் இருபதில் நிற்கிறார்,
மனைவி தெற்கே சுரங்கத்துக்குப் போய்விட்டாள்.
பச்சைக் கதவுக்கு நேரே
மூன்று நாள் காலிக்கட்டம்,
பிறகு ஒரு கோடு.
போய்த் தட்டினோம், என்றாள்.
அடுப்புப்புகை உள்ளேயே தங்கிவிட்டிருந்தது.
எங்கள் கணக்கெடுப்பில் அந்த வீடு
இன்றும் நான்கு பேர்.

குழாய் எப்போ வரும்? வரிசையில் யாரோ.
மண் மூன்று மீட்டர் உறைகிறது,
அதற்கும் கீழே தோண்டவேண்டும்,
கீழே பாறை, பாறைக்கு வேறு ஒப்பந்தம்…
நான் முடிக்குமுன்
வரிசை இரண்டு வண்டி நகர்ந்துவிட்டது.

ஏட்டுச் சாலையில் லாரி ஏறாது.
தாளை அவள் பலகையில் விரித்தேன்,
நான்கு மூலைக்கும் நான்கு கேன்மூடி.
ஈர விரலை வைத்தாள்.
இங்கே வண்டி திரும்பாது, ஜனவரியில் சறுக்கும்.
இப்படி வளை.
பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பக்கமாய்த்தான் இறங்கும்,
நீ வரைந்தாலும் வரையாவிட்டாலும்.
விரல் போன தடம் தாளில் மினுங்கியது,
அது உறையுமுன்
பென்சிலோடு பின்னாலேயே ஓடினேன்.

ஏன் வளைவு? என்றார் மேலதிகாரி.
பாறை, என்றேன்.
பாதி பொய்.

சாலை நான்காம் ஆண்டு வந்தது,
பன்னிரண்டில் ஒன்பது மீட்டர்.
மேல்வரிசைக்கு எட்டுமுன் பணம் தீர்ந்தது.
தண்ணீர் இன்னும் லாரியில்தான்.
வளைவில் பேருந்து நிற்கிறது.
பெயிண்டர் என்ன கேட்டானோ, யார் சொன்னார்களோ,
பலகையில் எழுதியிருக்கிறான்: நெர்குய்.
புதிதாய் இறங்குகிறவர்கள் வாசித்துவிட்டு,
இந்த நிறுத்தத்துக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லையா, என்கிறார்கள்.
யாரும் திருத்துவதில்லை.
இந்தக் கேனைக் கொஞ்சம்
தூக்கிவிடுங்கள், என்கிறார்கள்.