ஊதா பேசாது

சாட்ஸ்வொர்த் காவல் நிலையத்தின் பின்கட்டில்
கோப்புகள் அடைந்து கிடந்த அறை அது.
பெண்கள் வந்து உட்கார்ந்து சொல்வதற்கு
ஓர் இடம் வேண்டுமாம்.
நிறம் மட்டும் நீ சொல், என்றார் கேப்டன் ம்கீஸே,
சம்பளம் இல்லை, தேநீர் உண்டு.
மேலிடத்துத் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தது:
'மென்மையான இளஞ்சிவப்பு, ஊதா.
பெண்களுக்குப் பிடிக்கும்.'

எந்தப் பெண்களுக்கு என்று நான் கேட்கவில்லை.
பிறந்தநாள் கேக் பெட்டிக்கும்
நகப்பூச்சுக் கடைப் பலகைக்கும்
இதே இரண்டு நிறங்களை விற்றுத்தான்
வாடகை கட்டுகிறேன்.

திரையில் எல்லாம் சுலபம்.
சிவப்பில் பாலை ஊற்றிக்கொண்டே போ,
கோபம் கரைந்து
குழந்தைச் சோப்பின் நிறம் வந்துவிடும்.
ஊதாவுக்குக் கொஞ்சம் சாம்பல் போட்டால்
அது குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல
ஒன்றையொன்று உபசரிக்கும்.

சுவரில் அப்படியில்லை.
அட்டைகளை ஒட்டிவைத்து
மூன்று நாள் வந்து பார்த்தேன்.
காலை ஒன்பதுக்கு லிச்சிப்பழத்தின் உள்தோல்.
மதியம் ஈறு.
மாலையில் டியூப் லைட்டைப் போட்டதும்
அந்த இளஞ்சிவப்பும் அந்த ஊதாவும் சேர்ந்து
என்ன நிறம் என்று
எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் இளஞ்சிவப்பு.
மறுநாள் கத்தரிப்பூ.
அதற்கும் மறுநாள் கத்தரிக்காய்.
அப்புறம் ஓரங்களில் மஞ்சள், ஒரு பச்சை.
கண்ணுக்குக் கீழே இந்த வரிசையை
ஒரு டிசம்பர் முழுவதும்
கன்சீலர் வாங்கி மறைத்தாள் சாலாட்சி அக்கா.
கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.
பதினாறு வயதில் கற்ற முதல் நிறக்கலவை:
ஊதாவின் மேல் மஞ்சள் தடவினால்
ஊதா பேசாது.

இது வேண்டாம், என்றேன் கேப்டனிடம்.
கையெழுத்தாகிவிட்டது, என்றார்,
நிறம் நிறம்தானே.
அவர் கோப்பையில் ரூய்போஸ் ஆறிக்கொண்டிருந்தது.
அந்த அறையில் உட்காரப்போகும் சார்ஜன்ட் தாண்டேகா
கதவில் சாய்ந்தபடி சொன்னாள்:
"நீலம் எங்கள் சட்டை. பச்சை ஆஸ்பத்திரி.
வெள்ளையடித்தால், வருகிறவள்
அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத்
துடைக்கத் தொடங்கிவிடுவாள்.
உனக்கு வேறு நிறம் தெரியுமா?"

தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பங்களாதேஷ் சந்தையில்
வெங்காயக்காரர் மூட்டையைத் தட்டிச்
சருகை ஊதிக்கொண்டிருந்தார்.
ஒன்று என் சட்டைக்கையில் ஒட்டியது.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
இளஞ்சிவப்பு என்றால் இளஞ்சிவப்பு,
ஊதா என்றால் ஊதா,
ஆனால் அடி வாங்காத நிறம்.
உறையில் போட்டுப் பெயின்ட் கடையில் நீட்டினேன்.
இயந்திரம் இரண்டு முறை தப்பாகப் படித்தது.
பிறகு கறுப்பு ஒரு சொட்டு கூட்டினோம்.

பூசும்போது சகரன் கேட்டான்:
"என்னக்கா இது, சமையலறையா?"
ஆமாம், என்றேன். அழுதால்
ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

கேப்டன் தாளில் சரி போட்டார்.
இளஞ்சிவப்பு, ஊதா. இரண்டும் இருக்கிறதல்லவா.

திறந்த வாரத்தில் ஒருத்தி வந்தாளாம்.
நான்கு மணி நேரம்.
இரண்டு தடவை எழுந்து கதவுவரை போய்
இரண்டு தடவை திரும்பி வந்து.
சுவர் பிடித்ததா என்று
வெட்கம் கெட்டுக் கேட்டேன்.
தாண்டேகா யோசித்தாள்.
"சுவரா? அவள் நிமிரவே இல்லை.
தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்."

தரை.
சாம்பல் லினோலியம்,
கோப்பு அலமாரியின் நான்கு கால் பள்ளம்,
யாரோ எப்போதோ நசுக்கிய
சிகரெட்டின் வட்டம்.
அங்கே நான் அட்டை ஒட்டவே இல்லை.