மெத்தை மூச்சுவிடும்வரை

துவாஸ் கிடங்கில் கொள்கலன் திறக்க
ஒரு முறை உண்டு.
முத்திரையை உடை. கதவை அகலத் திற.
ஓரமாய் நில்.
வாரக்கணக்கில் கடலில் அடைபட்டு வந்த காற்று
முதலில் இறங்கிப் போகட்டும்.
அளவுக்கருவி பச்சை காட்டிய பிறகுதான்
நமக்கு வேலை.

ஒருமுறை அவசரப்பட்டு உள்ளே போன மொஸ்தாஃபிஸ்
மூன்று நாள் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.
வந்திருந்ததெல்லாம் வெறும் போர்வைகள்,
முயல் படம் போட்டவை.

அதனால்தான், பிரமிளா,
தொட்டில் மெத்தை வந்த அன்று
அதன் உறையை வீட்டுக்குள் கிழிக்க விடவில்லை.
புதுக் கார் வாசம் என்றாய் நீ.
எனக்கு அது
இரவுப்பணி வாசம்.

பதினொன்றாம் மாடிப் பொது நடைபாதையில்
வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்போல
சுவரோடு சாய்ந்து நின்றது மெத்தை.
வழியை மறைக்காதீர் என்று
நகர மன்றத்தின் தாள் ஒன்று நம் கதவில்.
மேடம் கோவின் பூனை
முதல்நாள் முகர்ந்து தும்மியது.
மறுநாள் சுற்றிப் போனது.

அந்த வாரம்தான் உன் தம்பி தனசேகர்
இரவுச் சட்டை வாங்கிவந்தான்.
இருட்டில் மினுங்கும் நட்சத்திரங்கள்.
கறை ஒட்டாது, கசங்காது என்றது அட்டை.
கசங்காமலிருக்க இந்தத் துணி எதைக் குடித்தது
என்று கேட்டேன்.
"மாமாவுக்கு வீட்லயும் டியூட்டியா?"
சிரித்தான். நீயும் கொஞ்சம்.

நம் மகள் கசங்கியே பிறந்தவள்.
உள்ளங்கை, கழுத்து, தொடை,
எங்கும் மடிப்பு,
மடிப்புக்குள் பால்வாசம்.
கசங்காத சட்டை அவளுக்கு எதற்கு?
அதுவும் இவள் உடுத்துவது பாதி, தின்பது பாதி.
கைநுனியை நனைத்து நனைத்து
பல்லில்லாத ஈறால் அரைத்துக்கொண்டே இருக்கிறாள்.

ஏழாம் மாடி காக் ரொஹானா கொடுத்த பை
அலமாரிக்கு அடியிலேயே கிடந்தது.
மூன்று பையன்கள் போட்டுக் கழித்த உடுப்புகள்.
திமிங்கிலம் வெளுத்து மேகமாகியிருந்தது.
பித்தான் ஒன்று வேறு நிறம்.
நூறு துவையலுக்குப் பின்
சாயமும் போய், கஞ்சியும் போய்
வெறும் துணியாக மிஞ்சிய துணி.

"முதல் பிள்ளைக்குப் பழசா?"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாய்.
எனக்கும் வலித்தது, மறைக்கவில்லை.
என் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை நான் வேலைமுடிந்து வந்தபோது
குளியலறையில் குந்தியிருந்தாய்.
வாளியில் நட்சத்திரச் சட்டை,
மூன்றாவது தண்ணீர்,
இன்னும் நீலம்.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
விரலை நனைத்து எடுத்து
வெளிச்சத்தில் பார்த்தாய்.

ஞாயிறு தனசேகர் வந்தான்.
புகைப்படத்துக்காக இரண்டு நிமிடம் போட்டுவிட்டு
மகளுக்கு வேர்க்கிறது என்று கழற்றினாய்.
பிறகு அவள் மேகத் திமிங்கிலத்தில் கிடந்து
காலை உதைத்தாள்.
அவன் கவனிக்கவில்லை.
கவனித்தாலும்தான் என்ன.

நான்காம் நாள் விடிகாலை
மின்தூக்கியை விட்டு இறங்கினேன்.
மெத்தையின் மேல்விளிம்பில்
நான்கு கால்களையும் மடித்துக்கொண்டு
மேடம் கோவின் பூனை.
அறிவியல் இல்லை, தெரியும்.
ஆனாலும் பச்சை விளக்கைப் பார்த்தவன்போல
அங்கேயே நின்றேன்.
பிறகு அரைமணி நேரம்
பூனைமுடி பொறுக்கினோம் இருவரும்,
நீ திட்டிக்கொண்டே.

இன்றிரவு மறுபடி துவாஸ்.
குழந்தைப் படுக்கை விரிப்புகள், நானூறு பெட்டி.
கதவைத் திறந்துவிட்டு ஓரமாய் நிற்கிறேன்,
மொஸ்தாஃபிஸ் மறுபுறம்.
மஞ்சள் விளக்கில் அது வெளியேறுகிறது,
கண்ணுக்குத் தெரியாமல்,
கண்ணை மட்டும் எரித்து.

இந்த முயலுக்கு நீலம் ஏற்றியது யாரோ ஒருத்தி.
பெயர் தெரியாத ஊரில்
நாளெல்லாம் அந்தத் தொட்டிமேல் குனிந்திருப்பவள்.
அவளுக்கு ஓரமாய் நிற்க
இடம் இருக்கிறதா?
அவள் கதவு
எந்தப் பக்கம் திறக்கும்?