இரண்டு மதிப்பெண் கேள்வி

முதல் கமிட்டிக் கூட்டத்தில்
பொருளாளர் ஞானாபரணம் கேட்டார்:
"நாலு வருஷம் அங்க என்னம்மா படிச்சீங்க?"
கிரேக்கம், எபிரெயம், சபை வரலாறு என்றேன்.
"ஜெனரேட்டர் ஓட்டத் தெரியுங்களா?"
தெரியாது.
ஆவணிக்குள் அதையும் கற்றேன்,
கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்று.

உடையாப்பட்டி தாண்டி ஆத்தூர் சாலையில்
மரவள்ளித் தோல் புளிக்கும் வாசம் எதுவரையோ
அதுவரை எங்கள் சபை.
வடக்கே சேர்வராயன் மலை,
பார்க்க மட்டும்.
நீட்டும் கைகளில் நகக்கண் எல்லாம்
ஜவ்வரிசி மாவு உறைந்திருக்கும்.
அப்பம் வைக்கும்போது
எது எதுவென்று ஒரு கணம் கண் தடுமாறும்.

கிரேக்க அகராதி ஒன்றேகால் கிலோ.
ஒன்பது மாதமாய்
கல்யாண ஓலைகள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

பங்குனியில் ஒரு செவ்வாய்
ஆலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய சீலன்
ஏறி வரவில்லை.
அவனைத் தூக்க இறங்கிய மாரப்பனும்.

பெரிய ஆஸ்பத்திரி, பிணவறை வாசல், வேப்பமரம்.
தயாமணி அக்கா தரையில் இருந்தாள்.
என் குறிப்பேட்டில் ஆறுதல்
மூன்று தலைப்புகளாய்ப் பிரிந்து தயாராக இருந்தது.
அவள் இரு கையாலும் அடிவயிற்றை அழுத்தி
"இங்கம்மா, இங்கதான் எரியுது" என்றாள்.

மனம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் பருவம், மதிய வகுப்பு,
தூங்கி வழிந்தபடி எழுதிய குறிப்பு:
கூட்டத்தைக் கண்டு இயேசு இரங்கிய இடத்தில்
கிரேக்கச் சொல்லுக்கு வேர், குடல்.
குடல் புரண்டது அவருக்கு.
மரியாதை கருதியோ என்னவோ
நம்மவர்கள் அதை மனத்துக்கு ஏற்றி
உருகவிட்டார்கள்.
இரண்டு மதிப்பெண். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

குறிப்பேட்டைத் திறக்கவில்லை.
அவள் கைகளின் மேல் என் கையை வைத்தேன்.
டீக்காரர் இரண்டு முறை வந்து போனார்.

அப்புறம் ஆலையிலிருந்து ஒரு ஆள்,
வெள்ளைச் சட்டை, பழுப்பு உறை, ஒரு தாள்.
"பாஸ்டரம்மா, ஐயா இல்லீங்களா?
ஐயா சொன்னா அவங்க கையெழுத்துப் போடுவாங்க."
நான்தான் பாஸ்டர் என்றேன்.
தாளை வாங்கினேன்.

வாசிப்பதற்குத்தான் என்னை அனுப்பிவைத்தார்கள் நாலு வருஷம்.
யார் எழுதியது, யாருக்கு,
எந்தச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
'தவறி விழுந்து' என்று இருந்தது, இரண்டு தடவை.
தொட்டி இல்லை.
இறங்கச் சொன்னவர் இல்லை.
'இனி எந்தக் கோரிக்கையும்' என்ற வரி மட்டும்
தடித்த எழுத்தில்.

சத்தமாய் வாசித்தேன், தயாமணி அக்காவுக்கு,
வினைச்சொல் ஒவ்வொன்றாய் நிறுத்தி.
மாரப்பன் மனைவி எங்கள் சபை இல்லை.
தள்ளி நின்றவள் தன் தாளை நீட்டினாள்.
அதையும் வாசித்தேன்.

ஸ்டேஷனில் புகார் எழுத விடிந்துவிட்டது.
எழுதியதை நான்கு முறை திருத்தச் சொன்னார்கள்.
தொட்டி என்ற சொல்லை மட்டும் நான் எடுக்கவில்லை.

ஞாயிறு பிரசங்கம் ஒன்பது நிமிடம்.
கிரேக்கம் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.
ஞானாபரணம் வாசலில் கை குலுக்கினார்,
ஏதோ கேட்க வந்தவர் போல நின்று
கேட்காமல் போனார்.

மின்சாரம் அன்றும் நடுவில் போனது.
ஜெனரேட்டர் கிளம்பவில்லை.
மாவு படிந்த குரல்கள்
இருட்டிலேயே கடைசிப் பாட்டைப் பாடி முடித்தன.