பகல் விளக்கு

தொண்ணூற்றாறாம் வருடத்து ப்யூக் இது.
சாவியைத் திருப்பினால் போதும்,
பட்டப்பகலிலும்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருக்கும்.
பனியில், புழுதியில், அறுவடைத் தூசியில்
எதிரே வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று
இந்த நாட்டில் போட்ட சட்டம்.
சட்டத்தோடு எனக்கொன்றும் தகராறில்லை.

தகராறு சனிக்கிழமை ராத்திரியோடு.
ரோஸ்டவுன் தாண்டி, கோதுமைத் தாளடிக்கு நடுவில்
பெரிய தகரத் திரையில் படம் போடுகிறார்கள்.
மண்மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தி
காருக்குள்ளிருந்தே பார்க்க வேண்டும்.
ஜூலையில் என்ஜினை அணைத்துவிடலாம்.
செப்டம்பர் கடைசியில் ஹீட்டர் வேண்டும்.
ஹீட்டர் என்றால் என்ஜின்.
என்ஜின் என்றால் விளக்கு.

மெர்லுக்கு இந்த வருடம் குளிர் ஆகாது.
ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடக் கையுறை போடுகிறான்.
ஒன்பது தடவை மருந்து ஏற்றியாயிற்று,
இன்னும் மூன்று.

போன வாரம்
கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிற நேரம்,
அவள் முகத்தில் எங்கள் விளக்கு
சுண்ணாம்பு பூசியது.
நாற்பது கார்களும் ஹாரன் அடித்தன.
டிக்கெட் கிழிக்கிற டோபின் ஓடிவந்து
"பார்க்கிங் பிரேக்கை ஒரு க்ளிக் அமுக்குங்க டோரீன்,
சில காரில் அணையும்" என்றான்.
எங்கள் பிரேக் கம்பி அறுந்து ஏழு வருடம்.
கடைசியில் கால்மிதி இரண்டை
விளக்குகள்மேல் போர்த்திவிட்டுப் போனான்.
ரப்பர் சூடேறுகிற வாசனையில்
பாதிப் படத்தோடு திரும்பினோம்.

விளக்கு குளிர வேண்டும்,
இவன் குளிரக் கூடாது.
அவ்வளவுதான் நான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம்
டேஷ்போர்டுக்கு அடியில் தலை, முற்றத்தில் கால்.
அந்த வழியாய் டிராக்டரில் போன ஹ்ரிட்சக்
"உயிரோடுதான் இருக்கியா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனார்.

முதல் ஃப்யூஸைப் பிடுங்கினேன்: விளக்கு போயிற்று,
கூடவே ரேடியோவும்.
படத்தின் பேச்செல்லாம் ரேடியோவில்தான் வரும்.
அடுத்ததைப் பிடுங்கினேன்: ஹாரன் ஊமை,
விளக்கு சிரித்துக்கொண்டிருந்தது.
இன்னும் உள்ளே கைவிட்டபோது
ஒரு பென்சில் துண்டு,
எப்போதோ தொலைந்த தபால்பெட்டிச் சாவி,
அப்புறம் தீப்பெட்டி அளவில் சாம்பல்நிறப் பெட்டி.
அதன் வயரை இழுத்தேன்.
க்ளிக்.
முன்னால் போய்ப் பார்த்தேன்.
என்ஜின் ஓட, கண் மூடியிருந்தது கார்.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.
எனக்கே தூக்கம் வந்தது.

சனிக்கிழமை யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
ஹீட்டரின் சூட்டில்
கடிதம் பிரிவதற்கு முன்பே மெர்ல் தூங்கிவிட்டான்.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.
நானும் திரையைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை சாஸ்கட்டூனுக்கு,
பத்தாவது ஊசிக்கு.
அறுவடை இயந்திரம் ஒன்று எதிர்ப்பக்கம்
சாலையெல்லாம் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.
அதை முந்த விலகிய பிக்கப் வண்டி
நேரே எங்கள் மேல்.
நான் ஓரத்துச் சரளையில் இறக்கினேன்,
அவன் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறக்கினான்.
ஹாரனை அடித்தேன்; பிடுங்கிய ஃப்யூஸை
ஒழுங்காகத்தான் திரும்பப் போட்டிருக்கிறேன்.
அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தான்.
"தெரியவே இல்லை" என்றான்.
சின்னப் பையன். உதடு வெளுத்திருந்தது.
"உன் தப்பில்லை" என்றேன்.
அது முழு உண்மையுமில்லை,
தூசிக்குள் யார் முந்துவார்கள்?

அவன் போனபின்
மறுபடி டேஷ்போர்டுக்கு அடியில் தலை,
நெடுஞ்சாலை ஓரத்தில் கால்.
க்ளிக்.

மெர்ல் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டான்.
ரொம்ப தூரம் போனபின்
"படம் எப்படி முடிஞ்சது?" என்றான்.

வெயிலில் ஒன்றுக்கும் உதவாத வெளிச்சம் முன்னால் போக,
கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதிலிருந்து
சொல்லத் தொடங்கினேன்,
நான் பார்க்காத படத்தை.